தள்ளிப்போடுவதன் செலவுக் கணக்கு: பெங்களூரில் சிறுதொழில் செய்பவர்களுக்கு ஒரு முழு வழிகாட்டி

பீன்யாவிலும் பொம்மசந்திராவிலும் பட்டறை நடத்தும் நம் ஆட்களை யாரும் சோம்பேறி என்று சொல்லிவிட முடியாது. காலை ஏழரைக்கு ஷட்டரைத் தூக்கினால் ராத்திரி ஒன்பது வரை நிற்கிறார்கள். அப்படிப்பட்டவர்தான் ஒரு கொட்டேஷனை ஐந்து நாள் அனுப்பாமல் வைத்திருப்பார். மூன்று மாதமாக வராத பணத்தைக் கேட்டு ஒரு போன் போட்டிருக்க மாட்டார். கேட்டால், "நேரம் எங்கே சார்?" என்பார். அந்த போனுக்கு நான்கு நிமிடம் போதும்.

எனக்குக் கணக்கு எழுதிக் கொடுக்கும் தொழில். பல பட்டறைகளின் ஃபைல்கள் கையில் புரள்வதால் ஒன்று தெளிவாகத் தெரிகிறது: தள்ளிப்போவது பெரும்பாலும் வேலையே இல்லை, ஒருவரிடம் பேச வேண்டிய பேச்சு. பணம் கேட்பது, விலை சொல்வது, முடியாது என்பது, லேட்டாகும் என்று ஒப்புக்கொள்வது. கையால் செய்கிற வேலையை நம்மவர்கள் நள்ளிரவானாலும் முடித்துவிடுவார்கள். வாயால் செய்ய வேண்டியதுதான் வாரக்கணக்கில் கிடக்கும். அதனால் நேர நிர்வாகம், காலை ஐந்து மணிக்கு எழுவது போன்றவற்றை இதில் தொடப்போவதில்லை. தாமதம் எங்கெங்கே பணமாகக் கழிகிறது, அதை எப்படி நிறுத்துவது என்பதை மட்டும் பார்க்கலாம்.

படி 1: நிற்பதையெல்லாம் ஒரே இடத்தில் எழுதுங்கள்

ஆப் எதுவும் வேண்டாம், ஒரு நீள நோட்டு போதும். ஞாயிற்றுக்கிழமை காலையில் ஒரு மணி நேரம் உட்கார்ந்து, மனதில் உறுத்திக்கொண்டிருப்பதையெல்லாம் எழுதுங்கள். பெரியது சிறியது பார்க்க வேண்டாம். ஒரு பட்டறைக்காரர் எழுதியது ஏறக்குறைய இப்படி இருந்தது: பிளேட்டிங்காரரிடம் புது ரேட் கேட்க வேண்டும். ஓசூர் பார்ட்டியிடம் ரிஜெக்ட் ஆன பீஸ்களைப் பற்றிப் பேச வேண்டும். பேங்க் ஸ்டேட்மெண்ட் ஆடிட்டருக்கு. வாடகை ஒப்பந்தம் முடிந்துவிட்டது. பழைய கம்ப்ரஸரை விற்க வேண்டும். மச்சான் மகனுக்கு சம்பளம் எவ்வளவு என்று முடிவு செய்யவில்லை.

எழுதி முடித்ததும் ஒவ்வொரு வரிக்கும் பக்கத்தில், "யாரிடம் பேச வேண்டும்?" என்று குறியுங்கள். பாதிக்கு மேல் ஒரு ஆளின் பெயர் வந்து நிற்கும். அந்தப் பெயர்கள்தான் உங்கள் உண்மையான பட்டியல்.

இதில் ஒரு வேறுபாடு முக்கியம். பதில் வர வேண்டியது அடுத்தவரிடம் இருந்து, எப்போது தருவார் என்று தேதியும் வாங்கியிருந்தால், நீங்கள் காத்திருக்கிறீர்கள். தேதி கேட்கவே இல்லை என்றால் தள்ளிப்போடுகிறீர்கள். "அவர் சொல்லணும் சார்" என்று சொல்லப்படும் பாதி விஷயங்களில் அவரிடம் யாரும் கேட்டிருக்கவே மாட்டார்கள்.

படி 2: ஒவ்வொன்றுக்கும் எதிரே ரூபாயை எழுதுங்கள்

சர்க்கார் தேதிகளில் தொடங்குவது சுலபம், அங்கே தாமதத்துக்கு ரேட் கார்டே இருக்கிறது.

மாதாமாதம் ஜிஎஸ்டி தாக்கல் செய்பவருக்கு 11ம் தேதி ஜிஎஸ்டிஆர்-1 (விற்பனை பில்களின் விவரம்), 20ம் தேதி 3பி (வரி கட்டும் மாதச் சுருக்க அறிக்கை). 3பி தாமதமானால் நாளுக்கு 50 ரூபாய் கட்டணம். விற்பனை ஒன்றரைக் கோடிக்குள் இருந்தால் அது 2,000 ரூபாயோடு நின்றுவிடும். கட்ட வேண்டிய வரிக்கு ஆண்டுக்கு 18 சதவீதம் வட்டி தனி. ரொக்கமாகக் கட்ட வேண்டியது 60,000 ரூபாய், தாமதம் 40 நாள் என்று வைத்துக்கொள்வோம். கட்டணம் 2,000, வட்டி சுமார் 1,184. மொத்தம் 3,200க்குள் அடங்கிவிடும்.

இந்தத் தொகை சின்னதாக இருப்பதுதான் வம்பு. "மூவாயிரம் தானே, அடுத்த மாதம் சேர்த்துக் கட்டிடலாம்" என்று தோன்றும். நிஜமான நஷ்டம் வேறு இடத்தில் நடக்கும். உங்கள் ஜிஎஸ்டிஆர்-1 நேரத்துக்குப் போகாவிட்டால், 14ம் தேதி வாங்கியவருக்கு உருவாகும் 2பி அறிக்கையில் உங்கள் பில் இருக்காது. அவரால் அந்த வரியை வரவு எடுக்க முடியாது. பில் 4 லட்சம், வரி 72,000 என்றால், பெரிய கம்பெனியின் அக்கவுண்ட்ஸ் என்ன செய்யும்? 72,000ஐ நிறுத்தி வைத்துவிட்டு மீதியைத்தான் விடுவிக்கும். சில இடங்களில் மொத்த பில்லும் நிற்கும். போன மாத 3பி போடவில்லை என்றால் இந்த மாத ஜிஎஸ்டிஆர்-1ஐ தளமே ஏற்றுக்கொள்ளாது என்பதால், ஒரு மாதத் தாமதம் அடுத்த மாத பில்களையும் இழுத்துக்கொண்டு போகும். இரண்டு மாதம் தொடர்ந்து போடாவிட்டால், சரக்கை வண்டியில் அனுப்பத் தேவையான இ-வே பில் முடங்கும். சரக்கு தயாராக இருக்கும், வண்டியும் வந்து நிற்கும், லோடு மட்டும் வெளியே போக முடியாது. அன்றைக்கு பேங்க் ஓவர்டிராஃப்டில் எடுத்தாவது எல்லாவற்றையும் கட்டுவார்கள். முந்தின மாதமே அதே பணம் கணக்கில் இருந்திருக்கும்.

டிடிஎஸ்ஸில், அதாவது நாம் பணம் கொடுக்கும்போதே கழித்துக் கட்டும் வரியில், இன்னும் வேடிக்கை. கழித்த வரியை அடுத்த மாதம் 7ம் தேதிக்குள் கட்ட வேண்டும். தவறினால் மாதத்துக்கு ஒன்றரை சதவீதம் வட்டி, மாதத்தின் ஒரு பகுதியும் முழு மாதக் கணக்கு. கணக்கு தொடங்குவது கழித்த நாளிலிருந்து. ஜூன் 20ல் கழித்ததை ஜூலை 8ல் கட்டினால், தாமதம் ஒரு நாள், வட்டி இரண்டு மாதத்துக்கு, அதாவது 3 சதவீதம். காலாண்டு அறிக்கை தாமதமானால் நாளுக்கு 200 ரூபாய், அது கழித்த வரித் தொகை வரை ஏறும்.

பிஎஃப், இஎஸ்ஐ இரண்டும் 15ம் தேதி. சொத்து வரியை ஏப்ரல் முடிவதற்குள் கட்டினால் பெங்களூரில் 5 சதவீதம் தள்ளுபடி. இதெல்லாம் உங்களுக்கும் தெரிந்ததுதான். தெரிந்தும் தாமதமாவதற்குக் காரணம், ஆடிட்டர் கேட்ட நாலு பில் எங்கே இருக்கிறது என்று தேடப் பிடிக்காததுதான். அதற்கு ஒரே வழி: பில் வந்த நிமிடமே போனில் படம் எடுத்து ஆடிட்டர் ஆபீஸுக்கு வாட்ஸ்அப்பில் தள்ளிவிடுங்கள். மாத முடிவில் தேடும் வேலையே இருக்காது.

சிறு கடை வைத்திருப்பவர்களுக்கு ஒரு வார்த்தை. 2025 ஜூலையில் யு.பி.ஐ. வரவை வைத்து கர்நாடக வணிக வரித்துறை பெங்களூரில் பேக்கரி, காய்கறிக் கடை, டீக்கடைக்காரர்களுக்கெல்லாம் நோட்டீஸ் அனுப்பியதும், கடைகளில் கியூஆர் அட்டைகள் காணாமல் போனதும் நினைவிருக்கும். பொருள் விற்பனை ஆண்டுக்கு 40 லட்சம், சேவை என்றால் 20 லட்சம் தாண்டினால் பதிவு செய்ய வேண்டும். தாண்டுகிறோமா என்று கூட்டிப் பார்ப்பதையே வருடா வருடம் ஒத்திப்போட்டவர்கள் பலர். கூட்டிப் பார்த்திருந்தால், ஒன்றரைக் கோடி வரை 1 சதவீதம் கட்டும் தொகுப்புத் திட்டத்தில் கடையைக் கொண்டுவர முடியுமா என்று நிதானமாக யோசித்திருக்கலாம்.

படி 3: வர வேண்டிய பணத்தைக் கேளுங்கள்

இதுதான் எல்லாவற்றையும்விடப் பெரிய ஓட்டை. சர்க்காருக்குத் தாமதமானால் 3,000 போகும். வாடிக்கையாளரிடம் கேட்கத் தாமதமானால் முதலே போகும். ஆறின கஞ்சி பழங்கஞ்சி என்பது பட்டறைக்காரர்களின் பழைய பில்களுக்குத்தான் சரியாகப் பொருந்தும்.

தொண்ணூறுகளில் ராத்திரி பேய் வந்து கதவைத் தட்டுகிறது என்று வதந்தி கிளம்பியபோது, பெங்களூர் வீட்டுச் சுவர்களில் "நாளே பா" என்று எழுதி வைத்தார்கள். நாளைக்கு வா என்று தினமும் படித்துவிட்டுப் பேய் தினமும் திரும்பிப் போகுமாம். அந்த உத்தி இன்றைக்கும் அக்கவுண்ட்ஸ் டிபார்ட்மெண்ட்களில் நன்றாக வேலை செய்கிறது. அந்தப் பேயைப் போல நாமும் மரியாதையாகத் திரும்பி வந்துவிடுகிறோம்.

கேட்பதற்கு முன் உங்கள் கையில் என்ன பலம் இருக்கிறது என்று தெரிந்துகொள்ளுங்கள். 2006ம் ஆண்டின் குறு, சிறு, நடுத்தரத் தொழில் மேம்பாட்டுச் சட்டப்படி, எழுத்தில் ஒப்பந்தம் இல்லை என்றால் சரக்கை ஏற்றுக்கொண்ட 15 நாளில் குறு, சிறு நிறுவனங்களுக்குப் பணம் தர வேண்டும். ஒப்பந்தம் இருந்தாலும் 45 நாளுக்கு மேல் போகக் கூடாது. பி.ஓ.வில் (வாங்குபவர் தரும் ஆர்டர் கடிதத்தில்) 90 நாள் என்று அச்சடித்திருந்தாலும் சட்டம் 45ஐத்தான் பார்க்கும். தாண்டினால் ரிசர்வ் வங்கியின் பேங்க் ரேட்டைப்போல மூன்று மடங்கு வட்டி, அதுவும் மாதாமாதம் கூட்டு வட்டியாக. இதைக் கோர, சிறுதொழில்களுக்கான அரசின் உத்யம் பதிவு வேண்டும். 2020 ஜூலையிலிருந்து நடப்பில் இருக்கிறது, இலவசம், ஆன்லைனில் முடியும். "அப்புறம் போடலாம்" என்று இதையே நான்கு வருடமாக ஒத்திவைத்திருப்பவர்கள் உண்டு. சரக்கு கொடுத்த பிறகு பதிவு செய்தால் பழைய பில்களுக்கு இந்தப் பாதுகாப்பைக் கேட்பது கஷ்டம். அதனால் இந்தப் பக்கத்தை மூடிவிட்டு அதை முடியுங்கள்.

இன்னொரு பிடி வருமான வரியில் இருக்கிறது. குறு, சிறு உற்பத்தியாளருக்கோ சேவை தருபவருக்கோ அந்தக் கெடுவுக்குள் பணம் தராவிட்டால், வாங்கியவர் அதை அந்த ஆண்டுச் செலவாகக் காட்ட முடியாது. பணம் கொடுத்த ஆண்டில்தான் காட்டலாம். 2024-25 மதிப்பீட்டு ஆண்டிலிருந்து இந்த விதி நடப்புக்கு வந்தது. அதனால் பிப்ரவரி, மார்ச் மாதங்களில் நீங்கள் போடும் போனுக்குத் தனி மதிப்பு. வாங்கி விற்கும் வியாபாரிகளுக்கு இது பொருந்தாது.

சரி, போனில் எப்படிப் பேசுவது? பர்ச்சேஸ் மேனேஜரிடம் பேசிப் பயன் இல்லை, அவருக்கு அடுத்த லாட்தான் கவலை. அக்கவுண்ட்ஸில் பில் பாஸ் செய்பவரின் பெயரையும் நேரடி எண்ணையும் வாங்கி வையுங்கள். முதல் கேள்வி பணம் எப்போது என்பதாக இருக்கக் கூடாது. சரக்கு வந்து சேர்ந்தது என்று ஸ்டோர்ஸ் போடும் ஜிஆர்என் ரசீது ஆகிவிட்டதா என்று கேளுங்கள்.

"வணக்கம் சார். 214ம் நம்பர் பில், போன மாசம் 6ம் தேதி ஸ்டோர்ஸ்ல இறக்கினது. ஜிஆர்என் ஆயிடுச்சான்னு பாருங்க சார்."

"ஆயிருக்கு."

"எந்த வார பேமெண்ட் லிஸ்ட்ல வருது சார்?"

"அடுத்த வாரம் பார்க்கலாம்."

"சரி சார், வியாழக்கிழமை காலைல பத்தரைக்கு ஒரு தடவை கூப்பிடறேன்."

அவ்வளவுதான். "கொஞ்சம் டைட்டா இருக்கு சார், ஆளுங்களுக்கு சம்பளம் தரணும்" என்ற புலம்பல் இதில் இல்லை. புலம்பல் ஆரம்பித்தால் பேச்சு உங்கள் கஷ்டத்தைப் பற்றியதாகிவிடும். பில் நம்பரும் தேதியும் இருந்தால் அது அவருடைய வேலையைப் பற்றியதாகவே இருக்கும். வியாழக்கிழமை பத்தரைக்குக் கட்டாயம் கூப்பிட வேண்டும் என்பதைத் தனியாகச் சொல்லத் தேவையில்லை. பல பில்கள் ஜிஆர்என் போடாமலே ஸ்டோர்ஸ் மேஜையில் கிடந்திருக்கும், முதல் கேள்வியிலேயே அது வெளிவந்துவிடும்.

நேரில் போனால்தான் நடக்கும் என்ற இடங்களும் உண்டு. பீன்யாவிலிருந்து பொம்மசந்திரா போய் வந்தால் அரை நாள் போச்சு என்பது பழைய சாக்கு. 2025 ஆகஸ்டில் மஞ்சள் வழித்தடம் திறந்த பிறகு, பச்சையில் ஏறி ஆர்.வி. ரோட்டில் மாறினால் சில்க் போர்டு சிக்னலைக் கீழே பார்த்துக்கொண்டே போய் இறங்கலாம்.

செக் வாங்கினால் தேதிகளை விடவே கூடாது. செக் மூன்று மாதம்தான் செல்லும். திரும்பி வந்தால், வங்கியிடமிருந்து தகவல் கிடைத்த 30 நாளுக்குள் எழுத்தில் நோட்டீஸ் அனுப்ப வேண்டும். அது கிடைத்த 15 நாளுக்குள் அவர் தராவிட்டால், அடுத்த ஒரு மாதத்துக்குள் நீதிமன்றத்தில் புகார். "தெரிந்தவர்தானே, தந்துடுவார்" என்று அந்த 30 நாளைக் கடத்திவிடுவது மிகச் சாதாரணமாக நடக்கிறது. அந்த முப்பது நாளும் இனிமையாகப் பேசுவதற்கென்றே சிலர் இருக்கிறார்கள்.

செக் இல்லாத பாக்கிக்கு, வழக்குப் போட மூன்று வருடக் காலக்கெடு. அது முடிவதற்குள் அவர் பாக்கியை எழுத்தில் ஒப்புக்கொண்டு கையெழுத்துப் போட்டால், அந்தத் தேதியிலிருந்து புதிதாக மூன்று வருடம் ஓடும். ஆண்டுதோறும் மார்ச் 31 நிலவரப்படி பாக்கி உறுதிக் கடிதம் ஒன்று அனுப்பி, சீலும் கையெழுத்தும் வாங்கி ஃபைலில் வைத்துக்கொள்ளுங்கள். சண்டையில்லாத காலத்தில் யாரும் மறுக்க மாட்டார்கள். சண்டை வந்த பிறகு யாரும் தர மாட்டார்கள்.

படி 4: கொட்டேஷனை அன்றைக்கே பாதியாவது அனுப்புங்கள்

திங்கட்கிழமை காலை வாட்ஸ்அப்பில் ஒரு டிராயிங் வருகிறது. ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் புஷ், 500 பீஸ், டர்னிங், ஒரு சின்ன ஸ்லாட், கடைசியில் கோட்டிங். டர்னிங் ரேட் உங்களுக்கு அத்துப்படி. மெட்டீரியல் விலை ஒரு போனில் தெரியும். கோட்டிங் மட்டும் வெளியே. கோட்டிங்காரர் எடுக்கவில்லை. செவ்வாய் மெஷின் ரிப்பேர், புதன் மறந்து போச்சு, வியாழன் "இவ்வளவு லேட்டா அனுப்பினா என்ன நினைப்பாங்க" என்ற கூச்சம். சனிக்கிழமை அனுப்பும்போது ஆர்டர் வேறு பட்டறையில் ஓடிக்கொண்டிருக்கும்.

அந்த வியாழக்கிழமைக் கூச்சத்தைக் கவனியுங்கள். முதல் இரண்டு நாள் தாமதத்துக்குக் காரணம் வேலை, அதற்குப் பிறகு காரணம் தாமதமேதான். நாள் ஏற ஏற, அனுப்புவதற்கு விலையோடு ஒரு மன்னிப்பும் சேர்ந்துகொள்கிறது.

திங்கட்கிழமையே இப்படி எழுதியிருக்கலாம்: "டிராயிங் கிடைத்தது சார். மெட்டீரியல், மெஷினிங் சேர்த்து பீஸுக்கு இவ்வளவு. கோட்டிங் விலை புதன் மதியத்துக்குள் சொல்கிறேன். பி.ஓ. வந்த நாளிலிருந்து 12 நாளில் டெலிவரி." வாங்குபவருக்கும் மேலே பதில் சொல்ல வேண்டிய ஆள் இருக்கிறார். பாதி விலை கையில் இருந்தாலே அவர் உங்களைப் பட்டியலில் வைத்திருப்பார். ஆர்டர் எடுக்க விருப்பமில்லை என்றால் அதையும் அன்றே சொல்லிவிடுங்கள். முடியாது என்று அன்றே சொன்னவரிடம் அடுத்த டிராயிங் வரும். பதிலே சொல்லாதவரிடம் வராது.

படி 5: கெட்ட செய்தியை முதலில் சொல்பவர் நீங்களாக இருங்கள்

வெள்ளிக்கிழமை டெலிவரி நடக்காது என்பது புதன்கிழமையே உங்களுக்குத் தெரியும். நம்மில் பலர் வெள்ளி மாலை வரை போனை எடுக்காமல் இருந்துவிட்டு, "வண்டி கிளம்பிடுச்சு சார்" என்று ஒன்று சொல்வோம். புதன் அன்று சொன்னால் அவர் தன் அசெம்பிளி லைனில் வேறு வேலையை முன்னால் இழுத்துக்கொள்வார். வெள்ளி சொன்னால் லைன் நிற்கும். நின்ற லைனுக்கு, உங்கள் பில்லில் கழித்துக்கொள்ளும் டெபிட் நோட் வரும். இரண்டு நாள் தாமதத்துக்காக யாரும் சப்ளையரை மாற்றுவதில்லை. கடைசி நிமிடம் வரை தெரியாமல் வைத்திருந்ததற்காக மாற்றுவார்கள்.

சொல்லும்போது மூன்று விஷயம் போதும்: எத்தனை பீஸ் இப்போது தயார், மீதி எந்தத் தேதி, இடையில் எந்த நாள் நிலவரம் சொல்வீர்கள். கரண்ட் போன கதை, ஆள் வராத கதை எதுவும் வேண்டாம்.

படி 6: உங்கள் முடிவுக்காக யார் நிற்கிறார்கள் என்று பாருங்கள்

முதலாளி தள்ளிப்போட்டால் அது அவரோடு நிற்காது. மெஷினில் வெட்டும் முனையான இன்செர்ட்டைப் புதிதாக வாங்கலாமா என்று ஆபரேட்டர் கேட்டு மூன்று நாள் ஆகியிருக்கும். தேய்ந்ததையே திருப்பித் திருப்பிப் போட்டு ஓட்டியதில் நாலு பீஸ் அளவு தப்பியிருக்கும். அந்த நாலு பீஸின் விலையில் இன்செர்ட்டே வந்திருக்கும்.

இதற்கு ஒரு தொகையை எல்லையாக வைத்துவிடுங்கள். 2,000 ரூபாய் வரை சூப்பர்வைசரே வாங்கிக்கொள்ளலாம், பில் மட்டும் வர வேண்டும். யார் என்ன கேட்டாலும் மறுநாள் காலை டீ நேரத்துக்குள் ஆமாம், இல்லை, அல்லது இந்தத் தேதியில் சொல்கிறேன் என்ற மூன்றில் ஒன்று. இதை ஒரு மாதம் கடைப்பிடித்தாலே பட்டறையின் ஓட்டம் மாறுவது தெரியும்.

சம்பளப் பேச்சுதான் எல்லாரும் அதிகம் தவிர்ப்பது. தீபாவளிக்குப் பார்க்கலாம், பொங்கலுக்குப் பார்க்கலாம் என்று நகர்த்திக்கொண்டே போனால், நல்ல சிஎன்சி ஆபரேட்டர் ஒருநாள் காலை வர மாட்டார். பக்கத்துத் தெருவில் சேர்ந்துவிட்ட செய்தி மட்டும் மதியம் வரும். புது ஆள் கை தேறும் வரை வரும் ரிஜெக்‌ஷனோடு பார்த்தால், அவர் கேட்ட உயர்வு ஒன்றுமே இல்லை. தர முடியாது என்றால் அதையும் முகத்துக்கு நேரே, காரணத்தோடு, எப்போது முடியும் என்ற மாதத்தோடு சொல்லுங்கள். சொந்தக்காரப் பிள்ளைகளை வேலைக்கு வைத்திருப்பவர்கள் இதை இன்னும் சீக்கிரம் செய்ய வேண்டும். அங்கே பேசாமல் விட்டது கல்யாண வீட்டில் வெடிக்கும்.

படி 7: படிக்க முடியாத கடிதத்தை அன்றைக்கே படிக்க வையுங்கள்

நம்மவர்கள் பலருக்குக் கன்னடம் நன்றாகப் பேச வரும், எழுத்து வராது. மாநகராட்சியிலிருந்தோ கரண்ட் கம்பெனியான பெஸ்காமிலிருந்தோ கன்னடத்தில் ஒரு கடிதம் வந்தால், டேபிள் கண்ணாடிக்கு அடியில் போய்விடும். பக்கத்துக் கடைப் பையனிடம் காட்டினால் இரண்டு நிமிடத்தில் சொல்லிவிடுவான். போனில் படம் பிடித்தால் மொழிபெயர்க்கும் வசதியும் இருக்கிறது. முழுக்கப் புரிய வேண்டும் என்பதில்லை, "எந்தத் தேதிக்குள், என்ன கேட்கிறார்கள்" என்ற இரண்டு மட்டும் தெரிந்தால் போதும். அதை உறையின் மேலேயே எழுதிவிடுங்கள்.

ஜிஎஸ்டி நோட்டீஸ் காகிதமாக வரும் என்று காத்திருக்க வேண்டாம். தளத்தில் ஏற்றிவிட்டு மெயில் அனுப்பிவிடுவார்கள். அந்த மெயில் பெரும்பாலும் எப்போதோ வேலையை விட்டுப் போன அக்கவுண்டண்டின் முகவரிக்குப் போய்க்கொண்டிருக்கும். முதலில் அந்த முகவரியையும் போன் எண்ணையும் மாற்றுங்கள். எதிராக உத்தரவு வந்துவிட்டால் மேல்முறையீட்டுக்கு மூன்று மாதம், போதுமான காரணம் இருந்தால் இன்னும் ஒரு மாதம். அதற்கு மேல், மேல்முறையீட்டு அதிகாரி இரக்கப்பட்டாலும் அவருக்கு அதிகாரம் கிடையாது.

படி 8: ஏன் கை போகவில்லை என்று தெரிந்துகொண்டு, நேரம் ஒதுக்குங்கள்

2013ல் ஃபூஷியா சிரோயிஸ், டிமோதி பைகில் என்ற இரு உளவியல் ஆய்வாளர்கள், தள்ளிப்போடுவது அந்த நேரத்து மனக்கசப்பிலிருந்து தப்பிக்கும் வழி என்று எழுதினார்கள். பட்டறையில் பார்த்தால் அது அப்படியே தெரியும். பணம் கேட்கும் போனை ஒத்திவைத்த நொடியில் ஒரு நிம்மதி வரும். அந்த நிம்மதிதான் கூலி, அதற்காகத்தான் மறுநாளும் ஒத்திவைக்கிறோம். 1997ல் டயான் டைஸ், ராய் பௌமைஸ்டர் கல்லூரி மாணவர்களிடம் பார்த்ததும் இதுவே. தள்ளிப்போடுகிறவர்களுக்கு பருவத் தொடக்கத்தில் மன அழுத்தம் குறைவு, கடைசியில் மற்றவர்களைவிட அதிகம், உடம்புக்கும் அதிகமாக வந்தது, மதிப்பெண்ணும் குறைந்தது.

ஆகவே "மனசு வந்தா செய்யலாம்" என்று காத்திருப்பதில் பயன் இல்லை, மனசு வராது. பீட்டர் கோல்விட்சர் என்ற உளவியலாளர் சொன்ன ஒரு முறை இங்கே நன்றாக உதவும்: எப்போது, எங்கே, எதைத் தொடுவேன் என்று முன்கூட்டியே கட்டிவைப்பது. "இந்த வாரம் பாக்கி கேட்கணும்" என்று எழுதினால் நடக்காது. "செவ்வாய் பத்தரை டீ முடிந்ததும், ஷாப் ஃப்ளோருக்குத் திரும்பாமல், மாடி ஆபீஸில் உட்கார்ந்து 214ம் பில்லுக்கு போன்" என்று எழுதினால் நடக்கும்.

என் யோசனை, வாரத்தில் இரண்டு அரைமணி நேரம் போதும். செவ்வாய், வியாழன் காலை பத்தரை முதல் பதினொன்று வரை போன்கள் மட்டும். திங்கள் காலை யாரும் பேசும் நிலையில் இருக்க மாட்டார்கள், வெள்ளி மாலை கூப்பிட்டால் "மண்டே பார்க்கலாம்" வரும். நீண்ட பட்டியல் வேண்டாம், மூன்று பெயர். மிகப் பிடிக்காத பெயர் முதலில். பக்கத்தில் ஒருவர் இருந்தால் இன்னும் நல்லது. பல பட்டறைகளில் வீட்டம்மாதான் கணக்கைப் பார்க்கிறார், அவர் எதிரில் உட்கார்ந்து பில் நம்பரைப் படித்தால் போன் தானாகப் போகும். சில வீடுகளில் அந்த அம்மாவே போனை வாங்கிப் பேசி, வீட்டுக்காரரைவிட நன்றாக வசூல் செய்கிறார்.

சம்பள வேலையில் இருப்பவர்களுக்கு

வைட்ஃபீல்டிலும் எலெக்ட்ரானிக் சிட்டியிலும் வேலை பார்ப்பவர்களுக்கு அபராத ரசீது வராது என்பதால் நஷ்டம் கண்ணில் படாது. தினசரி ஸ்டேண்ட்-அப் மீட்டிங்கில் மூன்று நாள் தொடர்ந்து "ஆன் இட்" என்று சொல்லிவிட்டு, நாலாவது நாள் "ஒரு டிபென்டன்சி இருக்கு" என்றால், மேனேஜர் மனதில் பதிவது அந்த மூன்று நாள்தான். தெரியவில்லை என்று முதல் நாளே கேட்டால் அரை மணியில் தீரும். அப்ரைசலில் என்ன செய்தோம் என்பதைக் கடைசி இரவு யோசித்தால் கடைசி இரண்டு மாத வேலைதான் நினைவுக்கு வரும். வெள்ளிதோறும் இரண்டு வரி எழுதி வைப்பவருக்குப் பன்னிரண்டு மாதமும் கையில் இருக்கும். பழைய கம்பெனி பிஎஃப்பை மாற்றுவது, வரிச்சலுகை ஆதாரங்களைக் கொடுப்பது இரண்டும் பட்டறைக்காரரின் வாடகை ஒப்பந்தம் மாதிரிதான், ஒரு மணி நேர வேலை வருடக்கணக்கில் கிடக்கும்.

தள்ளிப்போட வேண்டியவை

எல்லாவற்றையும் உடனே செய்வது கெட்டிக்காரத்தனம் இல்லை. கோபத்தில் எழுதிய வாட்ஸ்அப் பதிலை மறுநாள் அனுப்பலாம். ஒரு பெரிய ஆர்டர் வந்த சூட்டில் புது மெஷினுக்கு லோன் போடுவதை, அந்த ஆர்டரின் முதல் பேமெண்ட் கைக்கு வரும் வரை தள்ளிப்போடலாம். போடத்தான் வேண்டும் என்பேன். பார்ட்னரைச் சேர்ப்பதும் அப்படித்தான். இவற்றையும் நோட்டில் எழுதி, எதிரே மறுபடி பார்க்கும் தேதியைப் போடுங்கள். வருடக்கணக்கில் பட்டியலில் நகர்ந்துகொண்டே இருக்கும் பழைய கம்ப்ரஸர் போன்றவற்றை அடித்துவிடலாம். அது விற்காமல் கிடந்தால் கொஞ்சம் இடம்தான் போகும்.

இதெல்லாம் செய்தும் எதையும் தொடவே முடியவில்லை, தூக்கம் கெட்டுவிட்டது, போன் மணி அடித்தாலே நெஞ்சு படபடக்கிறது என்றால், அதை நோட்டு போட்டுச் சரிசெய்ய முயல வேண்டாம். கடன் நெருக்கடியில் இருக்கும் தொழில்காரர்களுக்கு இது நிறையவே நடக்கிறது, வெளியே சொல்வதில்லை. பெங்களூரில் ஓசூர் சாலையில் நிம்ஹான்ஸ் மனநல மருத்துவமனை இருக்கிறது. அரசின் டெலி மானஸ் மனநல உதவி எண் 14416, கட்டணம் இல்லை, தமிழிலும் பேசலாம்.